அதிகாலை மூன்று மணிக்கு விழித்திருக்கும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன். உன்னிடம் இதுவரை மறைத்த ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத முடியாது என்று தெரிந்தது. அதற்குத் துணிவு வர இத்தனை நாள் ஆகிவிட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் வேலை மாறிவிட்டாள். புது இடத்தில் நேரத்துக்கு வீடு திரும்ப முடிகிறதாம், குரலிலேயே தெளிவு தெரிகிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போன வாரம் நான் உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். கல்லூரி முடித்த வருடம் நீ எழுதிய ஒன்று ஒன்பது பக்கம். இப்போது வந்தது ஒன்றரைப் பக்கம். நீ எழுதியதைவிட அந்த மீதிப் பக்கங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்தின.

நாலு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, வேலைக்குப் போய் வருவதே மலையாக இருக்கிறது என்கிறாய். தங்கச்சியும் போனில் சொன்னாள். யாரிடமாவது கவுன்சலிங் போய்ப் பாருங்கள் என்று அவள் சொன்னதற்கு இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்திருக்கிறாய். என்னிடமோ, "பேசினால் சரியாகிவிடுமா? பேசத்தான் நீ இருக்கிறாயே" என்று கேட்கிறாய்.

சரி, சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பா போன பிறகு, நான் ஓர் உளவியலாளரிடம் போனேன். வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிடம், பதினாறு வாரம். மகளுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். உனக்குச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். நீ என்னைத் தைரியசாலி என்று நினைத்திருந்தாய், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது பார்த்தால், அன்றே சொல்லியிருந்தால் இந்த நாலு மாதத்தில் ஒரு மாதமாவது உனக்கு மிச்சமாகியிருக்கும்.

முதலில் போன இடம் எனக்கு ஒத்துவரவில்லை. அவர்தான் அதிகம் பேசினார். நான் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அறிவுரை வந்துவிட்டது. இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டு, இதெல்லாம் நமக்குச் சரிவராது என்று ஆறு மாதத்தை வீணாக்கினேன். அது என் தவறு. செருப்பு கடித்தால் வேறு செருப்புத்தான் பார்ப்போம், நடப்பதை விட மாட்டோம் அல்லவா? சிகிச்சை பலிப்பதற்கும், அதைத் தருபவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் உருவாகும் நம்பிக்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இலேயே இதை வலியுறுத்தி எழுதினார். எதிரில் இருப்பவர் நம்மை உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும், நிபந்தனை இல்லாமல் ஏற்க வேண்டும், வேஷம் போடக் கூடாது. அதனால் இரண்டு மூன்று தடவை போய்ப் பார், ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல், இல்லாவிட்டால் ஆளை மாற்று.

இரண்டாவதாக நான் போய்ப் பார்த்த உளவியலாளர் ஒரு அம்மா. அவர் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். மனம் சட்டென்று கீழே இறங்கும்போதெல்லாம் என்ன நடந்தது, அந்த நொடி மனதில் ஓடிய வாக்கியம் என்ன, அதை எவ்வளவு நம்புகிறேன் என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டு எழுத வேண்டும். இது ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவரிடமிருந்து வந்தது. 1960களில் அவர் ஃபிராய்ட் வழிவந்த உளப்பகுப்பாய்வைத்தான் செய்துகொண்டிருந்தார். மனச்சோர்வில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லும் கதைக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தார். 'நான் எதற்கும் உதவாதவன்', 'இனி ஒன்றும் மாறாது' என்கிற மாதிரி, அழைக்காமலே வந்து, விசாரிக்கப்படாமலே நம்பப்படும் வாக்கியங்கள். அவற்றைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்து, உண்மையா என்று சேர்ந்து பார்ப்பதுதான் அவர் உருவாக்கிய முறை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். ஆங்கில எழுத்துச் சுருக்கமாக சிபிடி என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

என் நோட்டின் முதல் வரியை உனக்கு மட்டும் சொல்கிறேன். 'இரண்டு நாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார், நான்தான் கொன்றேன்.' நம்பிக்கை: 95. அந்த அம்மா இதை மறுக்கவில்லை. "அப்படி இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று நீங்கள் எல்லோரும் சொன்னதை அவர் சொல்லவே இல்லை. "அந்த இரண்டு நாளும் உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது?" என்று கேட்டார். அப்பா முதல் நாள் மாலை நடந்தார். மறுநாள் காலை பேப்பர் படித்தார், என்னோடு வாதாடினார். ஆபத்துக்கு அறிகுறி எதுவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. "இதே நிலையில் உங்கள் நண்பர் இருந்தால் அவரைக் கொலைகாரர் என்பீர்களா?" என்று அடுத்துக் கேட்டார். நான் உன்னைத்தான் நினைத்தேன். அழுதுவிட்டேன். அன்று அந்த எண் 95இலிருந்து 50க்கு வந்தது. பூஜ்யம் ஆகவில்லை, இன்றும் ஆகவில்லை. ஆனால் ஐம்பதோடு ஒரு மனிதன் தூங்க முடியும்.

உன் கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. நான் உன்னோடு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஆனால் நான் உன் பக்கம் நிற்பவன். நீ துவண்டால் உடனே தூக்கி நிறுத்தத்தான் எனக்குத் தோன்றும், அந்த வாக்கியத்தை நிறுத்தி வைத்துப் பார்க்க எனக்குப் பொறுமையும் இல்லை, பயிற்சியும் இல்லை. தவிர, நீ என்னிடம் சில விஷயங்களை மறைப்பாய், நான் உன்னிடம் மறைத்தது போல. உறவும் நட்பும் இல்லாத ஒருவரிடம், வெளியே போகாது என்ற உறுதியோடு, சில உண்மைகள் சுலபமாக வந்துவிடுகின்றன.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை நான் அந்த அறையில் இருந்தது. மிச்சத்தை நான்தான் வாழ வேண்டும். அங்கே புரிவதை அன்றாடப் பழக்கமாக மாற்றாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் கரைந்துவிடும். அதே போல, உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாமல் வெறும் பழக்கங்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு நடந்திருக்காது. அதற்கு முந்தைய ஆறு மாதமும் நான் தினமும் நடக்கத்தான் செய்தேன். நடந்துகொண்டே என்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியிருந்தாய், "மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் பழையபடி எல்லாம் செய்வேன்" என்று. நானும் அதைத்தான் சொன்னேன். அந்த அம்மா வரிசையை மாற்றச் சொன்னார்: முதலில் செய்யுங்கள், மனசு பின்னால் வரும். கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது அவ்வளவு கடினம். சோர்ந்த மனிதன் ஒவ்வொன்றாக விடுகிறான், விட்டதால் மகிழ்ச்சி வரும் வழிகள் அடைபடுகின்றன, அதனால் இன்னும் சோர்கிறான். அந்தச் சுற்றைச் செயலின் பக்கத்திலிருந்து அறுப்பதுதான் இது. 1996இல் உளவியலாளர் நீல் ஜேகப்சன் குழுவினர் சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தச் செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது. எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன செய்தேன், எவ்வளவு நிறைவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டேன். ஞாயிறு மதியம் டிவி முன்னால் படுத்திருந்தது 1. செடிகளுக்குத் தண்ணீர் விட்டது 6. ஒன்றும் பிடிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்திருப்பேன், அந்தத் தாள் இல்லை என்றது.

தூக்கத்துக்கு வருகிறேன், உன்னை அதிகம் வாட்டுவது அதுதான். மூன்று மணிக்கு விழிப்பு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தே கிடக்கிறேன் என்றாய். அதைச் செய்யாதே. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது அமைதியாகப் படி, கண் சொக்கும்போது திரும்பிப் போ. கடிகாரத்தைத் திருப்பி வை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடு, பகலில் படுக்காதே. படுக்கை என்றாலே போராட்டம் என்று உடம்பு பழகியிருக்கிறது, அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் எழுதிய முறை இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும், அந்த நாட்களில் நீ வண்டி ஓட்ட வேண்டாம்.

"நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறாய். முடியாது நண்பா. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார். கரடி வந்துகொண்டேதான் இருந்தது. விரட்டுவதற்குப் பதில் நான் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கினேன். மாலை ஐந்தரையிலிருந்து ஆறு. இரவில் வந்தால், நாளை ஐந்தரைக்கு வா என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுவேன். அந்த நேரம் வரும்போது பாதிக் கவலைக்கு அடையாளமே தெரியாது. மீதியில் எதற்காவது செய்யக்கூடியது இருந்தால் அதைச் செய்வேன். ஒரே நினைப்பை முடிவில்லாமல் அசைபோடுவதும் யோசிப்பதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

நடைப்பயிற்சியை மறுபடி தொடங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம், ஆனால் உனக்கு இப்போது பத்து நிமிடம் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பவன் நீ. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் புதுப் பழக்கம் எத்தனை நாளில் தானாக நடக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிதாகக் கெடுக்கவில்லை.

இனி எழுதப்போவதை நேரில் கேட்க ஆசைப்பட்டேன், ஆனால் தள்ளிப்போட விரும்பவில்லை. மூன்று மணிக்கு விழித்திருக்கும்போது, இருந்து என்ன பயன் என்று உனக்குத் தோன்றுகிறதா? செத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறாயா? கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது, அதனால் நேராகவே கேட்கிறேன். ஆம் என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு, தங்கச்சியிடம் சொல், இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் போ. எந்த நேரமானாலும் நான் கிளம்பி வருகிறேன்.

இல்லை என்றாலும் நாலு மாதம் நீண்ட காலம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் இறங்கியே இருந்து தூக்கமும் வேலையும் கெட்டால் ஒருவரைப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு. முதலில் உன் வழக்கமான டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே போல் ஆளைச் சாய்க்கும். மாத்திரை தேவை என்று மனநல மருத்துவர் சொன்னால் பயப்படாதே. பலன் தெரியச் சில வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

எனக்கு முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. போன வருடம் அப்பாவின் நினைவு நாளையொட்டி மறுபடி தலைகாட்டியது. கடைசி நாள் அந்த அம்மாவோடு சேர்ந்து எழுதிய ஒரு தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. போனை எடுக்காமல் விடுவது, சவரம் செய்யாமல் இருப்பது, ஞாயிறு மதியம் படுத்தே கிடப்பது: இவை எனக்கு வரும் முன்னறிவிப்புகள். மூன்றும் சேர்ந்ததும் மனைவிதான் கதவைத் திறந்து காட்டினாள். இரண்டு தடவை போய்விட்டு வந்தேன், பிடிமானம் கிடைத்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நீ உன் தெருவில் நட, நான் என் தெருவில் நடக்கிறேன். பத்து நிமிடம். பேசப் பிடித்தால் பேசலாம், இல்லாவிட்டால் சும்மா நடக்கலாம். அன்றைக்கு எழுந்ததும் வேண்டாம் என்றுதான் இருக்கும். இருந்தாலும் எடுடா.

உன்
பழைய அறைத்தோழன்