விரல் நுனிக்கு இன்னும் தூரம் இருக்கிறது

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வலது கையாலேயே எழுதியிருக்கிறாய். எழுத்து கோணல்தான், ஆனாலும் மகிழ்ச்சி.

மணிக்கட்டு நரம்பைத் தைத்த பிறகும் விரல் நுனி மரத்தே கிடக்கிறதே என்று சலித்துக்கொள்கிறாய். தையலைக் குறை சொல்லாதே. வெட்டுப்பட்ட ஆக்ஸான், அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழை, ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 15, 18 சென்டிமீட்டர் இருக்கும். கணக்கு நீயே போட்டுக்கொள். டாக்டர் நரம்பின் வழியே தட்டித் தட்டிப் பார்க்கிறார் என்றாயே, அது வெறும் சடங்கு இல்லை. எங்கே தட்டினால் சுரீரென்கிறதோ, வளரும் முனைகள் அங்கே வந்துவிட்டன என்று அர்த்தம். அந்த இடம் விரலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தால் சரி.

ஏன் இவ்வளவு மெதுவாக? வெட்டுக்கு அப்பால் இருந்த ஆக்ஸான் செத்துவிட்டது. தைத்ததால் அது ஒட்டிக்கொள்ளாது, தையல் பாதையை மட்டுமே சேர்க்கிறது. செல்லின் உடலோ முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கிறது. காயம் பட்ட தகவலை டைனீன் என்ற மோட்டார் புரதம் கையின் நீளம் முழுக்கச் சுமந்துபோய் அங்கே சேர்க்கவேண்டும். அதன் பிறகுதான் செல் அன்றாட வேலையைக் குறைத்துக்கொண்டு ட்யூபுலின், ஆக்டின், ஜிஏபி-43 போன்ற வளர்ச்சிப் புரதங்களை அதிகமாகத் தயாரிக்கிறது. சட்டகமாகும் புரதங்கள் ஆக்ஸானுக்குள் நாளுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் நகர்வதில்லை. சரக்கே மெதுவாக வரும்போது கட்டடம் எப்படி வேகமாக எழும்? நல்லவேளையாகக் கையில் ஆக்ஸானைச் சுற்றி உறை போடும் ஷ்வான் செல்கள் இருக்கின்றன. மையலின் என்ற அந்த உறையின் பழைய குப்பையைக் கூட்டித் தள்ளுவதில் உதவுகின்றன, நரம்பு வளர்ச்சிக் காரணி போன்றவற்றைச் சுரந்து முனைகளை அழைக்கவும் செய்கின்றன. அந்தக் காரணியைக் கண்டுபிடித்ததற்குத்தான் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் கிடைத்தது.

கையில் நடப்பது தண்டுவடத்தில் ஏன் நடப்பதில்லை என்று கேட்டிருந்தாய். நான் இத்தனை வருடம் வகுப்பில் பேசிய விஷயமே அதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். அங்குள்ள செல்களுக்கு வளரும் திறனே கிடையாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1981இல் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். மைய நரம்பு மண்டலத்தின், அதாவது மூளை, தண்டுவடத்தின், ஆக்ஸான்கள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன! மறுமுனையில் மீண்டும் மைய நரம்பு மண்டலத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. ஆக, சுற்றுப்புறத்தில் ஏதோ தடுக்கிறது.

அதைத் தேடியவர் மார்ட்டின் ஷ்வாப். மைய நரம்பு மண்டலத்தின் மையலினில் இருக்கும் தடுப்புப் புரதத்தை எதிர்பொருள் கொண்டு மறைத்தால் எலியின் ஆக்ஸான்கள் வளர்வதை 1990இல் காட்டினார். 2000இல் அதன் மரபணு கிடைத்தது. நோகோ என்று பெயர். அப்போது எங்கள் துறையில் ஒரே கொண்டாட்டம். ஆனால் 2003இல் மூன்று குழுக்கள் நோகோ இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஒரு குழு நல்ல வளர்ச்சி கண்டது, இன்னொன்று சுமாராக, மூன்றாவது ஒன்றுமே காணவில்லை. ஒற்றைப் புரதத்தைக் கதாநாயகனாகவோ வில்லனாகவோ ஆக்கும் கட்டுரைகளை நான் நம்பாமல் போனது அப்போதிருந்துதான். நோகோவைத் தவிர மையலினிலேயே வேறு தடுப்பான்கள் உண்டு, காயத்தின் வடுவில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் கூட்டுப்புரதங்கள் உண்டு.

செல்லுக்குள்ளேயும் பூட்டு இருக்கிறது. 2008இல் பார்வை நரம்பு நசுங்கிய சுண்டெலிகளில் பிடென் என்ற புரதத்தை நீக்கியதும், செல்லின் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதை தளராமல் ஓடி ஆக்ஸான்கள் வளர்ந்தன. ஆனால் பிடென் புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்பதையும் மறந்துவிடாதே. அதை மனிதருக்குள் நிரந்தரமாக அணைத்து வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

நோகோவுக்கு எதிரான எதிர்பொருளை இப்போது கழுத்துப் பகுதித் தண்டுவடக் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முதன்மை இலக்கை எட்டவில்லை. காயம் தண்டுவடத்தை முழுமையாகச் செயலிழக்கச் செய்யாத சிலரிடம் மட்டும் பலன் இருக்கலாம் என்ற குறிப்புத் தெரிகிறது. எனக்கு அது ஏமாற்றமாகப் படவில்லை. பல பூட்டுகளில் ஒன்றைத்தானே திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் வாரம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உணர்ச்சி திரும்பும்வரை அந்தக் கையால் சூடான பாத்திரம் எதையும் தொடாதே, சுட்டாலும் உனக்குத் தெரியாது.

அன்புடன்,
ரகு