86 வயதுத் தாயாரின் பெயரை யாழ்ப்பாணத் தொகுதி வாக்காளர் இடாப்பில் மீளச் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
வாக்காளர் இடாப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
யாழ்ப்பாணம்.

2025 ஓகஸ்ட் 18

விடயம்: பெயர் நீக்கம் – நான்காவது முறையீடு

மதிப்புக்குரிய ஐயா,

யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஐந்து சந்திக்குக் கிட்ட வசிக்கும் தையல் தொழிலாளியான நான் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. என் தாயாரின் பெயர் தொடர்பாக இதே அலுவலகத்துக்கு நான் தரும் நான்காவது மனு இது. முதலாவதை 2023 ஜூலையில் நேரில் வந்து கையில் கொடுத்தேன். மற்ற இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல்களை நடத்தி முடித்த உங்களுக்கு இருந்த வேலைப்பளுவை நான் அறிவேன். அதனாலேயே மே மாதம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

1. எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மானிப்பாய் வீதியால் நீங்கள் போய் வருகிறவர். எந்த வீடு திருத்தப்பட்டது, எது இன்னும் கூரையில்லாமல் ஆலமரம் முளைத்து நிற்கிறது என்பதெல்லாம் நீங்கள் கண்ணால் கண்டது.

2. என் தாயார் 1939 ஜனவரியில் இந்தத் தெருவில் பிறந்தவர். முதன்முதலாக வாக்களித்தது 1960 மார்ச் 19. அந்தத் தேர்தலை இந்த ஊர் மறக்காது. 1947, 1952, 1956 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற ஜீ.ஜீ.பொன்னம்பலம் அவர்களை, சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பா தோற்கடித்த தேர்தல் அது. ஜூலையில் திரும்பவும் தேர்தல் வந்தது, திரும்பவும் துரையப்பாதான். 1965இல் ஜீ.ஜீ. ஆசனத்தை மீட்டார். 1970இல் தமிழரசுக் கட்சியின் சி.எக்ஸ்.மாட்டின், 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் வெ.யோகேஸ்வரன். பாராளுமன்றத்துக்கு ஒருவரை மட்டும் அனுப்பும் தனித் தொகுதியாக யாழ்ப்பாண நகரம் இருந்த காலத்தில் நடந்தவை எட்டுப் பொதுத் தேர்தல்கள். அவற்றில் கடைசி ஐந்திலும் என் தாயார் வாக்களித்திருக்கிறார். ஒன்றைக்கூட விடவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். டவுன் தொகுதி மற்றத் தொகுதிகளைப் போல் வாக்களித்ததில்லை, ஐயா. தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை எடுத்த 1956இலும் டவுன் ஜீ.ஜீ.யை விடவில்லை. அவருடைய தமிழ்க் காங்கிரஸுக்கு அந்த முறை கிடைத்ததே இந்த ஒரு ஆசனம்தான். குருநகர், பாசையூர் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர், வண்ணார்பண்ணைச் சைவர்கள், சோனகதெரு முஸ்லிம்கள், கடைக்காரர், கச்சேரி உத்தியோகத்தர் எல்லாரும் கலந்திருந்த தொகுதி இது. ஒரு பகுதியாரை மட்டும் நம்பி இங்கே எவரும் வென்றுவிட முடியாது. ஆகவே வேட்பாளர்கள் எங்கள் படலைக்கும் வந்தார்கள். மாநகர சபைக்கு எம்.எம்.சுல்தான் என்ற முஸ்லிம் ஒருவர் மேயராக இருந்த ஊர் இது. 1970இல் மாட்டின் அவர்கள் துரையப்பாவை வென்றது 56 வாக்குகளால். எங்கள் ஒழுங்கை ஒன்றில் மட்டும் அதைவிடக் கூடுதலான வாக்குகள் இருந்தன. அந்த இரவு விடியும்வரை ஆண்கள் வானொலியைச் சுற்றி இருந்ததையும், காலையில் என் வாப்பா தேநீர்கூடக் குடிக்காமல் கடைக்குப் போனதையும் உம்மா இன்றும் சொல்லுவார். ஒரு வாக்கின் பெறுமதியை அவருக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

3. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு முஸ்லிம்களான எங்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அது உங்களுக்குத் தெரிந்த கதை, விரிக்கவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்திலும் என் தாயார் யாழ்ப்பாண மாவட்ட வாக்காளராகவே இருந்தார். இடம்பெயர்ந்தோருக்கென்று வைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்களில் வரிசையில் நின்று யாழ்ப்பாணத்துக்கே வாக்களித்தார். 2011இல் திரும்பி வந்தோம். 2012 தொடக்கம் பெயர் எங்கள் தெரு இடாப்பிலேயே இருந்தது. 2013 மாகாண சபைத் தேர்தல், 2015, 2018, 2019, 2020 எல்லாவற்றிலும் வாக்களித்தார். 2020ஆம் ஆண்டின் வாக்காளர் அட்டையை இன்னும் குர்ஆன் வைக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

4. பெயர் போனது இப்படி. 2022இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் தம்பி புத்தளத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம் அது, உடனே திரும்ப வழி இருக்கவில்லை. ஏழு மாதம் போயிற்று. அதற்குள் வாக்காளர் பதிவுப் படிவத்தோடு வந்தவர் வாசலில் நின்று விசாரித்துவிட்டு, "ஆள் புத்தளத்தில்" என்று எழுதிக்கொண்டு போனார். என் பெயர் நின்றது, உம்மாவின் பெயர் போயிற்று. ஒரே வீட்டு இலக்கம், ஒரே அடுப்பு, ஒரே மின்சாரப் பட்டியல். புத்தளத்திலாவது இருக்கிறதா என்று தேடினோம். அங்கே இல்லை, அவர் யாழ்ப்பாண வாக்காளர் என்று சொன்னார்கள். இப்போது அவருடைய பெயர் இலங்கையில் எந்த இடாப்பிலும் இல்லை.

2024 செப்டெம்பர் 21. ஜனாதிபதித் தேர்தல். வாக்காளர் அட்டை வராததைத் தபால்காரரின் பிழை என்றுதான் உம்மா நம்பினார். ஓட்டோவில் கூட்டிப் போனேன். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஆளைக் கண்டதும் வரிசையில் நின்ற பிள்ளைகள் வழி விட்டார்கள். உத்தியோகத்தர் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார். என் பெயரை வாசித்தார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உம்மா தன் பெயரைச் சொன்னார். பிறகு தன் வாப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு வீட்டு இலக்கத்தைச் சொன்னார். அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அவரில் எனக்குக் குறையில்லை. "அம்மா, இதில இல்லை" என்றார். "தம்பி, நான் இஞ்சதான் பிறந்தனான்" என்று உம்மா சொன்னார். அதற்கு அவர் என்ன செய்வார்?

நவம்பர் 14. பாராளுமன்றத் தேர்தல். போக வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, குளித்து, பழைய 2020 அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கூட்டிக்கொண்டு போனேன். அதே பதில்.

இந்த வருடம் மே 6, மாநகர சபைத் தேர்தல். உம்மா உள்ளே வரவில்லை. ஓட்டோவுக்குள்ளேயே இருந்தார். நான் வாக்களித்துவிட்டு வந்ததும் என் இடது கையை எடுத்து, சின்னிவிரலில் இருந்த மையைப் பார்த்தார். "காய்ஞ்சு போச்சா?" என்று கேட்டார். வீடு வந்து சேரும்வரை வேறு ஒரு சொல் பேசவில்லை. ஐயா, எனக்கு 58 வயது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

5. மூன்று முறை எழுதியும் என் மனு எங்கே கிடக்கிறது? கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் மேலே அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். மேலே வந்தால் கீழே போய் விசாரி என்கிறார்கள். ஒருவர் "அடுத்த வருட இடாப்பில் பார்க்கலாம்" என்றார். இது 2023இல் சொன்னது. 2024இலும் அதையே சொன்னார்கள். 86 வயது ஆளுக்கு அடுத்த வருடம் என்று சொல்வது எப்படி? வதிவிட அத்தாட்சி கேட்டீர்கள், தந்தேன். உறுதிப் பத்திரப் பிரதி கேட்டீர்கள், தந்தேன். வைத்திய அறிக்கை கேட்டீர்கள், அதையும் தந்தேன். இன்னும் எதைத் தர வேண்டும்? ஆளையே கொண்டுவந்து உங்கள் மேசைக்கு முன்னால் இருத்த வேண்டுமா? உங்கள் அலுவலக மாடிப்படியில் அவரால் ஏற முடியாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள் இருந்தன. 2010இல் 9. 2015இல் 7. சென்ற நவம்பரில் 6. இடாப்பில் இருக்கிற தலைகளை எண்ணித்தான் ஆசனம் பிரிக்கிறார்கள். யுத்தத்தாலும் இடம்பெயர்வாலும் வெளிநாடு போனவர்களாலும் இழந்ததை எவராலும் திருப்பித் தர முடியாது. ஊரில் இருந்து மூச்சு விடுகிற ஆளையும் நாங்களே வெட்டினால்? 2005 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒன்றேகால் பேரும் இல்லை. அப்போது புலிகள் வாக்களிக்க விடவில்லை. இப்போது எவரும் தடுக்கவில்லை, வாக்களிக்க ஆசைப்பட்டு வாசலுக்கு வருகிற கிழவியைத் திருப்பி அனுப்புகிறோம்.

6. திரும்பவும் கேட்பது ஒன்றுதான். பெயரைச் சேருங்கள். எங்கள் தெருவில் இதே மாதிரிப் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே விடுபட்ட இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் விண்ணப்பங்களையும் பார்க்க வேண்டும், மறுக்கவில்லை. முதலில் உம்மாவின் பெயரைச் சேருங்கள். பதிலாவது எழுதுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாதென்று கையொப்பமிட்டு எழுதித் தாருங்கள், அதை வைத்து மேன்முறையீடு செய்வேன்.

நேரில் விசாரிக்க ஓர் உத்தியோகத்தரை அனுப்புவதானால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தவிர எந்த நாளும் வரலாம். நான் கடையில் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன். உம்மா எப்போதும் முன் விறாந்தையில்தான் இருப்பார். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவருடைய தலையணைக்குக் கீழேயே இருக்கின்றன.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
மனுதாரர்
(ஒப்பம்)

தாயாரின் பெருவிரல் அடையாளம் கீழே இடப்பட்டுள்ளது. அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், இப்போது கை நடுங்குகிறது.