வரைபடங்களைச் சுருட்டிக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறைந்த கட்டடக் கலைஞரின் வரைபடங்களை நூலகத்துக்குக் கொடுப்போர், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டியே கொடுக்கிறார்கள். ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். குண்டூசி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு, தாள்களை அகலமான இழுப்பறையில் விரித்து வையுங்கள். பழைய செல்லோடேப்பை மட்டும் பிய்க்காதீர்கள், மையும் சேர்ந்து உரியும்.

நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாக எடுத்த நகலான புளூபிரிண்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். வெளிச்சத்தில் வெளுக்கும், காரத்தன்மையுள்ள காகித உறையிலும் நீலம் மங்கும். ட்ரேசிங் துணியில், அதாவது வரைபடம் வரையக் கஞ்சி போட்டு மெருகேற்றிய துணியில், ஈரக்கையே படக்கூடாது, கஞ்சி கரைந்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளம் நெல்லைக்கு மறக்காது. நனைந்த தாள்களை 48 மணி நேரத்துக்குள் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இழுப்பறையைத் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்தி வையுங்கள்.

கட்டடக் கலைஞரின் கணக்கு நோட்டையும் கடிதங்களையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எந்தச் சுவரை ஏன் மாற்றினார் என்பது அவற்றில்தான் இருக்கும்.

வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை