தீபாவளி விளம்பரம் குறித்துத் தையற்கடை அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு நீங்கள் கொடுக்கவிருக்கும் அரைப்பக்க விளம்பரத்தின் மாதிரியைப் படித்தேன். 'எங்கள் பாரம்பரியம்', 'எங்கள் நவீன இயந்திரங்கள்', 'எங்கள் அனுபவமிக்க தையற்கலைஞர்கள்' என்று நீண்டு, கைகூப்பி நிற்கும் உங்கள் குடும்பப் படத்தில் அது முடிகிறது. (கைகூப்பிய படம் இல்லாமல் நம்மவர் விளம்பரம் அச்சேறாது போலும்.) சேலையும் கையுமாக உங்கள் கடைப் படியேறும் பெண்ணைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை.

வேலை முடிந்து, லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, நீங்கள் கடையடைப்பதற்குள் வந்துசேர ஓட்டமும் நடையுமாக வருகிறவர் அவர். பையில் இருக்கும் பட்டுச்சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை வெட்டிக் கெடுத்துவிட்டால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது. பண்டிகைக்கு முதல்நாள் போய் நின்றால் "நாளைக்கு வாங்க" என்பார்களோ, கை இறுக்கமாக வந்தால் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைத்துத் தருவார்களோ, லைனிங்கும் பின்கழுத்து நாடாவும் வைத்தால் கூலி எவ்வளவு ஏறுமோ என்பவைதாம் அவர் கவலைகள். உங்கள் இயந்திரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அவர் கேட்கப்போவதில்லை.

ஆகவே, கடையின் பெயருக்கும் மேலே, எந்தத் தேதிக்குள் துணி கொடுத்தால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ரவிக்கை கைக்கு வரும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கடையிலேயே அணிந்து பார்க்கலாம், பிடிக்காத இடத்தைக் கூலியின்றித் திருத்தித் தருவோம் என்பது அடுத்த வரியாகட்டும். லைனிங் வைத்ததற்கும் வைக்காததற்கும் கூலியைத் தனித்தனியே அச்சிடுங்கள். நீங்கள் பொருள், சேவை வரிக்குப் பதிந்திருந்தால், 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள அவ்வரியையும் சேர்த்த தொகையைத்தான் காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 'சிங்கப்பூரின் தலைசிறந்த தையலகம்' என்ற வரியை எடுத்துவிடலாம். விளம்பரத்தில் சொல்வதற்குச் சான்று காட்ட முடிய வேண்டும் என்று இங்குள்ள விளம்பர நெறிமுறைகள் கேட்கின்றன. அதைவிட, அந்த வரியை நம்பி யாரும் துணி கொண்டுவருவதில்லை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1972இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனி நிறுவனமானபோது, அதன் விளம்பரங்கள் சரோங் கெபாயா என்ற மலாய் மரபு உடையை உடுத்திய பணிப்பெண்ணை முன்னிறுத்தின. விமானத்தில் ஏறியபின் தன்னை யார், எவ்வளவு பரிவோடு கவனிப்பார் என்பதைப் பயணி அந்தப் படத்திலேயே கண்டுகொண்டார். (அந்த உடையை வடிவமைத்த பிரெஞ்சு ஆடைக் கலைஞர் பியர் பல்மானும் உங்கள் தொழில்காரர்தான்.)

உங்கள் பழம்பெருமையை மறைத்துவிடச் சொல்லவில்லை. அது வாடிக்கையாளருக்கு எதில் உதவுகிறதோ அந்த இடத்தில் வரட்டும். மேசை இழுப்பறையில் நீங்கள் வைத்திருக்கும் நீளமான அளவுப் புத்தகங்களில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் எழுதி, போன முறை எங்கே தளர்த்தினீர்கள் என்பதைப் பென்சிலில் குறித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 'சென்ற ஆண்டு தைத்தவரா? உங்கள் அளவு எங்களிடம் இருக்கிறது. உடல்வாகு மாறியிருந்தால் மட்டும் சொல்லுங்கள்' என்று எழுதினால், நீங்கள் இத்தனை காலம் கடை நடத்தியதன் பலன் அவருக்கு உடனே விளங்கும். குடும்பப் படத்துக்குப் பதிலாக அந்தப் புத்தகத்தின் படத்தை, பெயர்கள் தெரியாதபடி எடுத்துப் போடலாம்.

இப்படி எழுதினால் உங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. குறித்த தேதிக்குப் பிறகு வருகிறவர் தெரிந்தவரானாலும், கூடுதல் கூலி தருவதாகச் சொன்னாலும், புதுத் துணியை வாங்கக் கூடாது. வாங்கினால் முன்பே கொடுத்தவரின் ரவிக்கைதான் தள்ளிப்போகும். வருமானம் குவியும் கடைசி நாள்களில் வேலையைத் திருப்பியனுப்புவது எளிதன்று என்பதால், காஜா எடுப்பவரையும் வெட்டுபவரையும் உட்காரவைத்து, ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை ரவிக்கை முடியும் என்று கேட்டபின் தேதியை முடிவு செய்யுங்கள். அதை எனக்கு அனுப்பினால், மீதி வரிகளை எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி