ஜெயிக்காதவர் பெயரில் ஒரு கோப்பை

அன்புள்ள சாம் மகுவயர் ஐயா,

பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டு கேலிக் கால்பந்து. அதன் உச்சப் பரிசு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அகில அயர்லாந்துப் பட்டம் ஒருதடவைகூட உங்கள் கைக்கு வரவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கார்க் மாவட்டத்து டன்மான்வேயில் பிறந்து, லண்டன் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் ஆடிய ஹைபர்னியன்ஸ் கிளப்பில் சேர்ந்து கேப்டனும் ஆனீர்கள். அந்தக் காலத்தில் ஒரு விநோத ஏற்பாடு இருந்தது. அயர்லாந்து மாவட்டங்கள் தங்களுக்குள் மோதும். அதில் ஜெயித்த அணி லண்டனோடு ஆடும். லண்டனுக்காக ஆடிய உங்கள் கிளப்புக்கு நேரே ஃபைனல்! கேட்கச் சொகுசுதான். ஆனால் பெரிய அணிகளோடு மோதிப் பழகாமல் இறங்குபவர்களுக்கு அது சலுகையா, பொறியா?

வலைக்குள் அடித்த கோலுக்கு 3 புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்ததற்கு 1 என்று நீங்கள் தோற்ற ஃபைனல்களைக் கூட்டிப் பார்த்தேன். 1900-ஆம் ஆண்டுப் பட்டத்துக்கு டிப்பரரியிடம் 16-2. அப்புறம் டப்ளினிடம் 14-2, மறுபடி டப்ளினிடம் 14-4, 1903-க்கு கெர்ரியிடம் 11-3. வித்தியாசம் 14, 12, 10, 8. இப்படியே போனால் இன்னும் நாலு வருஷத்தில் சமன் என்று மனசு கணக்குப் போடுகிறது. 1908 ஃபைனலில் லண்டன் டப்ளினிடம் 13-4 என்று தோற்று அதைக் கெடுத்தது.

மைதானத்துக்கு வெளியேதான் உங்கள் பெரிய ஆட்டம். பின்னாளில் அயர்லாந்து விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான, அப்போது லண்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி எழுத்தராக இருந்த மைக்கேல் காலின்ஸை 1909-இல் ரகசியப் புரட்சி இயக்கத்தில் சேர்த்துவிட்டவர் நீங்கள். கத்தோலிக்கர் நிறைந்த அந்த வட்டத்தில் நீங்கள் புராட்டஸ்டண்ட் வேறு. சுதந்திரத்துக்குப் பின் டப்ளினில் கிடைத்த அரசு வேலையும் பறிபோய், 1927-இல் காசநோயில், கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தீர்கள். மறுவருஷமே நண்பர்கள் கோப்பை செய்தார்கள். ஒரே வெள்ளித் தகட்டைக் கையால் தட்டி எடுத்த கிண்ணம் அது. எவ்வளவு மெருகேற்றியும் சுத்தியல் தடம் மறையவில்லை. முதலில் அதைத் தூக்கியது கில்டேர் அணி.

உங்கள் லண்டன் இன்னும் அதைத் தொடவில்லை. இப்போது அயர்லாந்தின் மேற்கிலுள்ள கானக்ட் மாகாணப் போட்டியில் ஆடுகிறார்கள். 1977-இல் அங்குள்ள லெய்ட்ரிம் மாவட்ட அணியை வென்றார்கள். 2013-இல் ஸ்லைகோவையும், மறு ஆட்டத்தில் மீண்டும் லெய்ட்ரிமையும் சாய்த்து மாகாண ஃபைனலுக்கே வந்து, மேயோவிடம் தோற்றார்கள். 2023-இல் நியூயார்க் அயர்லாந்துக்காரர்கள் தங்கள் முதல் சாம்பியன்ஷிப் வெற்றியை பெனால்டியில் பெற்றதும் லெய்ட்ரிமிடம்தான். சரி, லெய்ட்ரிம்காரர்களுக்கும் யாராவது ஒரு கடிதம் எழுதலாம்.