தெஹ்ரி அணை வெறும் கற்குவியல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

உத்தராகண்டின் தெஹ்ரி அணைப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன இது, கல்லையும் மண்ணையும் கொட்டி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாகீரதியின் குறுக்கே 260.5 மீட்டர் உயரத்துக்கு நிற்பது அந்தக் கல்லும் மண்ணும்தான், ஆனால் வெளியே தெரியாமல் நடுவில் இருக்கும் களிமண் சுவர்தான் தண்ணீரைத் தடுக்கிறது, இருபுறமும் குவித்த பாறை தன் எடையால் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. களிமண்ணை ஒட்டி வடிகட்டி அடுக்குகள். கசியும் நீர் வெளியேறலாம், களிமண் துகள் போகக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அப்புறம், மின்சாரம் அந்தக் கல்மேட்டுக்குள் உண்டாவதில்லை, மலையைக் குடைந்து கட்டிய நிலையத்துக்குச் சுரங்கம் வழியே வரும் நீர் 250 மெகாவாட் இயந்திரங்கள் நான்கைச் சுழற்றுகிறது. இதற்காகப் பழைய தெஹ்ரி ஊரே மூழ்கியது. அணைச் செய்தி போடும்போது அந்த மக்களைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர்