அண்ணே, நான் தலையாட்டுனது வேணாம்னு

அண்ணே,

போன் போட்டா போகவே மாட்டேங்குது, பிளாக் பண்ணிட்டீங்கன்னு புரியுறதுக்கே எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு. அதான் இங்கிட்டு எழுதுறேன். உங்க மகன் என் பேஜை பாக்குறான்னு தெரியும், அவனே வாசிச்சு காட்டட்டும். மில்லு ஆபீஸ்ல இருந்தும் பாப்பாங்க, அதனால பேரு எதுவும் வராது.

இந்த பொங்கலோட நீங்க மில்ல விட்டு போயி ரெண்டு வருஷம். ஆள குறைக்கிறப்ப யார அனுப்புறதுன்னு மில்லுல போட்ட அந்த மார்க் ஷீட்டை நான் அப்பறமாத்தான் பாத்தேன், எப்படி பாத்தேன்னு இங்க சொல்ல முடியாது. அட்டெண்டன்ஸ்ல உங்களுக்கு அடி. மதினிய பெரியாஸ்பத்திரில வச்சிருந்தப்ப நீங்க எழுதிக்குடுத்து போட்ட லீவு, அதுவும் சூப்பர்வைசர் கையெழுத்து போட்டு அனுப்புன லீவு, அதையும் சேத்து கழிச்சிருக்காங்க. லீவு குடுக்குறப்ப ஒண்ணும் சொல்லாம ஆள குறைக்கிறப்ப அதை எண்ணுறது என்ன கணக்குன்னு எனக்கு இன்னிக்கும் விளங்கல. அடுத்தது மல்டி ஸ்கில், அதாவது பல வேலை தெரியுமான்னு போடுற மார்க். எனக்கு அதுல ஃபுல் மார்க். ஏன்னா நூல் நெறஞ்ச பாபினை தானா கழட்டுற புது மிஷின், ஆட்டோ டாஃபர், அதோட ட்ரெய்னிங்குக்கு கோயம்புத்தூர் போனது நானு. முதல்ல கேட்டது உங்களத்தான், "சின்ன பையன அனுப்புங்க சார், கத்துக்குவான்"னு சொன்னது நீங்க. அந்த மார்க்குலதான் நான் உள்ள இருக்கேன், நீங்க வெளிய இருக்கீங்க. இதுக்கு நான் மன்னிப்பு கேக்கணுமாண்ணே? கேக்குறேன். ஆனா எனக்கு வேணும்னு நான் போய் நின்னு வாங்குனதில்ல, அதையும் எழுதித்தான் ஆகணும், ஏன்னா நீங்க திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில "அவன் ஆபீஸ்ல ஆள் புடிச்சிட்டான்"னு சொன்னது என் காதுக்கு வந்துருச்சு.

சட்டத்தையும் இப்பத்தான் படிச்சேன். 1947 தொழில் தகராறு சட்டம், 25ஜி பிரிவு. ஒரே வேலைப் பிரிவுல ஆள குறைச்சா கடைசியா வந்தவன்தான் முதல்ல போகணும், மாத்தி பண்ணுனா காரணத்தை எழுதி வைக்கணும். ரெண்டு பேரும் ஃபிட்டர். அப்ப போக வேண்டியது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. 2025 நவம்பர்ல அந்த சட்டத்துக்கு பதிலா புது கோடு, தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, வந்துருச்சு, அதுலயும் இந்த விதி இருக்கு. வந்த வரிசை மட்டும் பாத்தா போதுமான்னா அதுவும் முழு நியாயம்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வீட்டு லோன் ஓடுது, என் மகளுக்கு அப்பத்தான் ஸ்கூல் சேத்திருந்தேன். ஆனா வரிசைய யாரும் ராத்திரி உக்காந்து திருத்த முடியாது, மார்க்க திருத்தலாம். அதோட யாரு முன்ன வந்தா, யாரு பின்ன வந்தான்னு அந்த வரிசை லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டவே இல்ல, அதை நான் எங்க வேணா சொல்வேன்.

ஆனா உங்க கேஸ்ல இதெல்லாம் பேசுறதுக்கு முன்னாடி நீங்க கையெழுத்து போட்ட அந்த பேப்பர் வந்து குறுக்க நிக்குது.

அன்னைக்கு நீங்க நூல் மிஷின்ல ட்ராவலர், அந்த குட்டி கம்பி வளையம், மாத்திக்கிட்டு இருந்தீங்க. ஆபீஸ்ல கூப்புடுறாங்கன்னு ஆள் வந்தப்பவும் "இந்த சைடை முடிச்சிட்டு வாரேன்"னு முடிச்சிட்டுத்தான் போனீங்க. கொஞ்ச நேரத்துல என்னையும் கூப்புட்டாங்க. உங்க மீசையில, புருவத்துல எல்லாம் பஞ்சு, ஏசி ரூம்ல அந்த சேர் நுனியில உக்காந்திருந்தீங்க. பேப்பர் இங்கிலீஷ்ல இருந்துச்சு. "படிச்சு சொல்லுடா தம்பி"ன்னு நீட்டுனீங்க. நான் படிச்சேன், நீங்களா விருப்பப்பட்டு ராஜினாமா பண்றதா போட்டிருந்துச்சு, அதை அப்படியே தமிழ்ல சொன்னேன். எதிர்த்தாப்புல ரெண்டு பேரு. நீங்க என் மூஞ்சிய பாத்து "போடவா?"ன்னு கேட்டீங்க. நான் வாயத் தொறக்கல, தலைய ஆட்டுனேன். வேணாம்னு ஆட்டுனேன் அண்ணே. நீங்க பேனாவ எடுத்தீங்க.

நம்மூர்ல தலையாட்டுறதே ஒரு தினுசுதான, ஆமாவா இல்லையான்னு வெளியூர்க்காரன் குழம்புவான். நீங்களுமா? எனக்கு ஸ்பிண்டில சுத்த வைக்கிற டேப்ப மாத்த கத்துக்குடுத்த மனுசன், நான் கண்ணக் காட்டுனாலே ஸ்பேனரை எடுத்து நீட்டுற ஆளு, அன்னைக்கு மட்டும் புரியலையா, இல்ல பேப்பரோட குடுத்த அந்த செக்கை பாத்ததும் புரிஞ்சும் போட்டுட்டீங்களா? கோவப்படாதீங்க. எனக்கும் இதை யார்கிட்டயாவது கேக்கணும்ல.

அந்த செக்குல பெரும்பகுதி கிராஜுவிட்டி. அஞ்சு வருஷம் முடிச்சவன் ராஜினாமா பண்ணாலும் சரி, ஆட்குறைப்புல போனாலும் சரி, அது வர வேண்டிய காசு. உங்க காசை உங்ககிட்டயே குடுத்து கையெழுத்து கேட்டா அதுக்கு பேரு என்னன்னு நான் எழுதல, படிக்கிறவங்க பாத்துக்கட்டும். ஆட்குறைப்புன்னு முறையா போட்டிருந்தா ஒரு மாச நோட்டீஸ் இல்லாட்டி அதுக்கு சம்பளம், முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தனியா வந்திருக்கும். திரும்ப ஆள் எடுக்குறப்ப உங்களத்தான் முதல்ல கூப்புட்டிருக்கணும், அதே சட்டத்துல 25எச் பிரிவு. ராஜினாமான்னதும் அம்புட்டும் போச்சு. நீங்க பாத்த மிஷின்ல இப்ப காண்ட்ராக்ட் பையன் நிக்கிறான், நல்ல பையன்தான், என்னைய அண்ணேங்கிறான், எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

சரி, விசயத்துக்கு வாரேன். லேபர் கோர்ட்டுல சாட்சி சொல்ல வாரேன்னு உங்க வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். வேலை என்ன ஆகும்னு தெரியல, வீட்ல ரெண்டு நாளா பேச்சு கிடையாது. உங்க மனுல "கூட இருந்த ஃபிட்டரும் கையெழுத்து போடச் சொன்னார்"னு எழுதிருக்கீங்களாம். நான் கூண்டுல ஏறி வேணாம்னு தலையாட்டுனேன்னுதான் சொல்வேன், அதை உங்களுக்காகக் கூட மாத்த மாட்டேன். ரெண்டும் முட்டுனா யாருக்கு லாபம்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு முந்தி ஒரு தடவை அந்த பிளாக்கை எடுங்க, திட்டுறதுக்காவது.